யார் கையில் கத்தரி? – வாசகர் கேள்வி பதில்

(போர்ப் புகைப்படங்களும் தணிக்கையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், ஒரு தமிழ் நாளிதழின் படப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: சார், போர்க்களப் படங்களை ராணுவம் தடுக்கும் என்பது தெரிந்த கதை. ராணுவமே சரி என்று விட்ட படத்தைப் பத்திரிகைக்காரர்கள் தடுத்ததுண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

நிறைய உண்டு தம்பி. என் அனுபவத்தில் அதுதான் அதிகம்.

1991 வளைகுடாப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் புகைப்படக்காரர்களை அவர்கள் இஷ்டத்துக்குத் திரியவிட்டதை அமெரிக்க ராணுவம் மறக்கவில்லை. அதனால் இந்த முறை ‘பூல்’ என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். பொறுக்கி எடுத்த சில பேர்தான் களத்துக்குப் போகலாம். கூடவே ஒரு ராணுவ அதிகாரி இருப்பார். எடுத்த ஃபிலிம் ரோல்கள் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த ராணுவத் தகவல் மையத்துக்கு வந்து, அங்கிருந்து எல்லாருக்கும் பொதுவாகப் போகும்.

பிப்ரவரி 28, சண்டை நின்ற நாள். கென் ஜாரெக்கி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தெற்கு இராக்கின் நெடுஞ்சாலையில் குண்டு விழுந்து எரிந்துபோன லாரி ஒன்றைப் பார்க்கிறார். முன்பக்கத்தில் ஓர் இராக்கியச் சிப்பாய். முகம், மார்பு, கை எல்லாம் கரி. அவன் விழுந்து கிடக்கவில்லை. கண்ணாடி இருந்த இடத்தில் கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, வெளியே வந்துவிடப் பார்த்திருக்கிறான். அந்த நிலையிலேயே வெந்து நின்றுவிட்டான். கூட வந்த அதிகாரிக்கு இதையெல்லாம் எடுப்பதில் விருப்பமில்லை. நான் எடுக்காவிட்டால் என் அம்மா மாதிரி ஆட்கள் சினிமாவில் பார்ப்பதுதான் போர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாராம் ஜாரெக்கி.

ராணுவம் அந்த ரோலைத் தடுக்கவில்லை, இதைக் கவனியுங்கள். தஹ்ரானைத் தாண்டி நியூயார்க்கில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் அலுவலகம் வரைக்கும் படம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அங்கே படங்களைப் பொறுக்குகிற டெஸ்க்கில் இருந்தவர்கள் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பாமல் நீக்கிவிட்டார்கள். வாசகர்கள் தாங்கமாட்டார்கள், எந்தப் பத்திரிகையும் போடாது என்பது காரணம். ஆக, போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்ப்புகூட அமெரிக்காவின் பெரும்பாலான பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. லண்டனில் ‘அப்சர்வர்’ மார்ச் 10-ம் தேதி வெளியிட்டது. பாரிஸில் ‘லிபராசியோன்’ வெளியிட்டது. அமெரிக்காவில் சில மாதம் கழித்து ஒரு புகைப்பட இதழில்தான் வந்தது, அதுவும் போரைப் பற்றிய பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு.

அந்த நியூயார்க் டெஸ்க்கை என்னால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்க முடிகிறது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். ராத்திரி வெளியூர் எடிஷன் போகிற நேரம். மேஜை முழுக்க ஈரம் காயாத பிரிண்ட்கள். நியூஸ் எடிட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அது முடிந்தது, யாரும் திரும்ப நிமிர்த்தமாட்டோம். தணிக்கை என்ற பேச்சே எழாது. “காலையில காபி குடிக்கிற நேரத்துல இதையா காட்டுவே?” என்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு எந்த அரசாணையும் தேவைப்பட்டதில்லை.

கேள்வி: நீங்கள் என்ன சொன்னாலும் சரி, காலையில் பேப்பரைப் பிரித்தால் பிணம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்குத் தணிக்கை வைத்தால் என்ன தப்பு?
– இல்லத்தரசி, சேலம்

கோபம் நியாயம்தான் அம்மா. பிள்ளைகள் கண்ணில் படாத மாதிரி உள்பக்கத்தில், மடிப்புக்குக் கீழே போடுவது ஒன்றும் குற்றமில்லை. நாங்களே செய்திருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் பேப்பரில் பார்த்த பிணங்களில் எத்தனை நம் நாட்டுச் சிப்பாயுடையவை? முகம் தெரிகிற மாதிரி? கார்கில் போரின்போது நம் பத்திரிகைகளில் வந்தது கொடி போர்த்திய பெட்டிதான். முகம் தெரிந்ததெல்லாம் வேறு நாட்டுக்காரர்களுடையது.

இது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல் செத்த அமெரிக்கச் சிப்பாயின் படம் ஒன்றுகூட அந்த நாட்டுப் பத்திரிகைகளில் வரவில்லை. எல்லாம் ராணுவத் தலைமையகத்தில் ஒரு கோப்பில் கிடந்தது. ‘கொடூரங்களின் அறை’ என்று அதற்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஸ்ட்ராக் நியூ கினியாத் தீவின் பூனா கடற்கரையில் எடுத்தது. உடைந்த படகு, அலை அரித்த மணல், அதில் மூன்று பேர் குப்புறவும் சாய்ந்தும் கிடக்கிறார்கள். ரத்தம்கூடப் பெரிதாகத் தெரியாது. முன்னால் கிடப்பவன் காலில் புழு நெளிவது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ‘லைஃப்’ பத்திரிகை மாதக்கணக்கில் மன்றாடி, விஷயம் அதிபர் ரூஸ்வெல்ட் வரை போய், 1943 செப்டம்பர் 20 இதழில்தான் வந்தது.

ஏன் விட்டார்கள்? மனசு இளகி அல்ல. போர் ஜெயித்தாயிற்று என்று ஜனங்கள் அசட்டையாக இருக்க ஆரம்பித்துவிட்டார்கள், கொஞ்சம் உலுக்கினால்தான் வேலையும் நடக்கும், போருக்குக் கடன் திரட்டும் பத்திரமும் விற்கும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டது. உலுக்க வேண்டும் என்று தோன்றும்வரை, அதே பிணங்கள் ஜனங்களின் மனோபலத்தைக் கெடுக்கும் என்று பெட்டிக்குள் இருந்தன. ஆகவே ‘தணிக்கை வையுங்கள்’ என்று சொல்லும்போது யாரிடம் அந்தச் சாவியைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. பிள்ளைகளுக்காக என்று வாங்கிக்கொண்டு வேறு எதற்கோ பூட்டுவார்கள்.

கேள்வி: உலகத்தில் முதன்முதலாகப் போரைப் படம் பிடித்தவர் யார்?
– அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

‘முதல்’ என்று அடித்துச் சொல்வது கஷ்டம். பேர் வாங்கியவர் ரோஜர் ஃபென்டன். ஒயின் வியாபாரியின் வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு 1855-ல் கிரிமியப் போருக்குப் போனார். பள்ளத்தாக்கு, பீரங்கிக் குண்டு, மீசை முறுக்கிய அதிகாரிகள் எல்லாம் எடுத்தார். பிணம் மட்டும் ஒன்றுகூட இல்லை. செத்தவர்கள் சொந்த நாட்டு, அதாவது பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிற்றே.

மூன்று வருஷம் கழித்து ஃபெலிஸ் பியாட்டோ என்ற புகைப்படக்காரர் லக்னோவுக்கு வந்தார். சிக்கந்தர் பாக் முற்றத்தில் கிளர்ச்சியாளர்களின் எலும்புகள் இறைந்து கிடக்கும் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில்கூடப் பார்த்திருப்பீர்கள். அங்கே சண்டை நடந்தது 1857 நவம்பரில். இவர் வந்தது பல மாதம் கழித்து. எலும்புகளைத் தோண்டிப் பரப்பிவைத்து எடுத்தார் என்ற பேச்சு அன்றைய பிரிட்டிஷ்காரர்களிடையேயே இருந்தது. செத்தவர் எதிரியாக இருந்தால் மூடி மறைப்பதற்குப் பதில் தோண்டிக் காட்டுவார்கள்.

கேள்வி: ஹிரோஷிமா என்றால் காளான் மேகம்தான் நினைவுக்கு வருகிறது. கீழே இருந்த மனிதர்களின் படங்கள் ஏன் அதிகம் இல்லை? எடுக்க ஆளில்லையா?
– ஆசிரியை, நாகர்கோவில்

ஆள் இருந்தார். யோஷிட்டோ மாட்சுஷிகே. ஹிரோஷிமாவின் ‘சூகோகு ஷிம்புன்’ நாளிதழின் புகைப்படக்காரர், வயது 32. குண்டு விழுந்த இடத்திலிருந்து அவர் வீடு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. சுவர் பெயர்ந்த வீட்டிலிருந்து ‘மாமியா’ கம்பெனி கேமராவைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மியுகி பாலத்துக்கு வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். பாலத்து முனையில் தீக்காயத்தோடு கூட்டம். பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். தலைமுடி கருகி, தோல் கந்தல் கந்தலாகத் தொங்குகிறது. காயத்துக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் கேமராவைத் தூக்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் அப்படியே நின்றேன் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒன்று எடுத்தார். கொஞ்சம் கிட்டப் போய் இன்னொன்று. இரண்டாவது எடுக்கும்போது கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிவிட்டதாம். இரண்டு ரோல் இருந்தது, இருபத்து நாலு படம் எடுக்கலாம். நாள் முழுக்கச் சுற்றியும் தேறியது ஐந்துதான். டிராம் வண்டிக்குள் பிணங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் எடுக்க முடியவில்லை. இருட்டறை ஏது? ராத்திரி வெட்டவெளியில் ஃபிலிமைக் கழுவி, ஓடைத் தண்ணீரில் அலசி, மரக்கிளையில் காயப்போட்டிருக்கிறார். அன்றைக்கு அந்த நகரத்துத் தெருவில் மனிதர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று காட்ட நம்மிடம் உள்ளவை அவர் எடுத்தவைதான்.

இதையெல்லாம் எடுக்காமல் விட்டதும் ஒரு வகைத் தணிக்கையா என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அந்த ஐந்துக்கு நடந்ததுதான் தணிக்கை. 1945 செப்டம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஜப்பானியப் பத்திரிகைகளுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டது. அணுகுண்டுச் சேதம் பற்றிய படங்கள் அதில் மாட்டிக்கொண்டன. அதைவிடச் சாமர்த்தியமான விஷயம் ஒன்று உண்டு. முன்பு ஜப்பானின் சொந்தத் தணிக்கை இருந்த காலத்தில் வெட்டிய வார்த்தைக்குப் பதில் ×× என்று போடுவார்கள். வாசகனுக்கு ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்றாவது தெரியும். அமெரிக்கர்கள் அதையும் கூடாது என்றார்கள். வெட்டிய இடத்தை நிரப்பி, வெட்டியதே தெரியாமல் அச்சடிக்க வேண்டும்.

நம் நாட்டு நெருக்கடி நிலை ஞாபகம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. 1975 ஜூன் கடைசியில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டது. சீக்கிரமே வெற்றிடம் விடவும் தடை வந்தது.

1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்தது. ஆகஸ்ட் 6-ம் தேதி ‘ஆசாஹி கிராஃப்’ இதழ் அணுகுண்டுப் படங்களைச் சிறப்பிதழாகவே போட்டது. பிரதிகள் பறந்தன. செப்டம்பர் 29-ம் தேதி ‘லைஃப்’ மாட்சுஷிகேயின் படங்களையும் போட்டது. அதாவது ஏழு வருஷம். அதற்குள் உலகம் முழுக்கக் காளான் மேகம் நாட்காட்டிப் படம் மாதிரி ஆகிவிட்டது. விமானத்திலிருந்து எடுத்த மேகத்தை வெளியிட யாரும் தடை போடவில்லை.

கேள்வி: தணிக்கையின் கண்ணில் மண்ணைத் தூவி ஜெயித்த பத்திரிகை ஏதாவது உண்டா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

நம் நாட்டிலேயே உண்டு. போர்க்களம் இல்லை, ஆனால் போர்க்காலத் தணிக்கைதான்.

1943, வங்காளம். பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று கடலோர மக்களின் படகுகளைப் பிரிட்டிஷ் அரசு பிடுங்கியது. விலை ஏறியது. கல்கத்தா நடைபாதைகளில் ஜனம் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வந்து, பாத்திரத்தோடு செத்தது. ஆனால் பத்திரிகையில் அது ‘உணவு நிலைமை’. பஞ்சம் என்று அரசாங்கம் அறிவிக்கவே இல்லை.

‘ஸ்டேட்ஸ்மன்’ வெள்ளைக்காரர்களின் பத்திரிகை, ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸும் வெள்ளைக்காரர். அவர் அவசரகால விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். எழுத்தைப் பற்றித்தான் விலாவாரியாக இருக்கிறது, படத்தை மறந்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். உடனே புகைப்படக்காரர்களை அனுப்பினார். ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை இதழில் எலும்பும் தோலுமான தாய்களும் பிள்ளைகளும். அடுத்த ஞாயிறு மறுபடியும். டெல்லியில் அந்தப் பிரதி பல மடங்கு விலைக்குக் கைமாறியது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் விழித்துக்கொண்டன.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. அரசு நியமித்த விசாரணைக் குழுவே 15 லட்சம் பேர் செத்ததாகச் சொன்னது, பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். வெள்ளைக்கார ஆசிரியர் என்பதால் தப்பினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே பஞ்சத்தை வரைந்த ஓவியர் சித்தப்ரசாதின் புத்தகத்தை, பிரதி பிரதியாகப் பறிமுதல் செய்து கொளுத்தினார்கள்.

கேள்வி: வியட்நாமில் உடையில்லாமல் ஓடிவரும் சிறுமியின் படத்தை இன்று வெளியிட முடியுமா?
– கணினிப் பொறியாளர், சென்னை

2016-ல் முடியவில்லை. நார்வே எழுத்தாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் போட, நிர்வாணம் என்று நீக்கினார்கள். ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் ஆசிரியர் முதல் பக்கத்தில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த நாட்டுப் பிரதமர் தன் பக்கத்தில் போட்டார், அதையும் நீக்கினார்கள்! உலகமே சிரித்த பிறகு இறங்கி வந்தார்கள்.

1972-லேயே அதே வாதம் நடந்தது. டிராங் பாங் கிராமத்தில் ஜூன் 8-ம் தேதி நேபாம் என்ற தீக்குண்டு விழுந்தது. படம் அசோசியேட்டட் பிரஸின் சைகோன் அலுவலகத்துக்கு வந்ததும், முன்பக்க நிர்வாணம் கூடாது என்ற விதியைக் காட்டி அங்கிருந்த ஒருவர் வேண்டாம் என்றார். ஹோர்ஸ்ட் ஃபாஸ் என்ற மூத்த படப் பொறுப்பாளர் விடாப்பிடியாக அனுப்பவைத்தார். வித்தியாசம் இதுதான்: அன்று விதியை மீற ஒரு மனிதர் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, அந்தப் படத்தின் வெட்டாத பிரதியைத் தேடிப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு புகைப்படக்காரர் நிதானமாக ரோல் மாற்றிக்கொண்டிருப்பார். பத்திரிகைகளில் வந்த க்ராப்பில் அவர் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர் என்று பேர் வாங்கிய நிக் உட் உண்மையில் அதை எடுத்தாரா என்றும் 2025-ல் ஒரு சர்ச்சை கிளம்பி, பத்திரிகைப் படங்களுக்கு விருது தரும் ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்திருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் பெயரை மாற்றவில்லை.

கேள்வி: 2009 முள்ளிவாய்க்கால் படங்கள் ஏன் அப்போதே நமக்கு வரவில்லை? தமிழ்ப் பத்திரிகைகள் மறைத்தனவா?
– வாசகர், ராமநாதபுரம்

மறைக்க முதலில் கையில் படம் இருக்க வேண்டும். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான பத்திரிகையாளர் யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. ராணுவம் கூட்டிப்போன இடத்தை ராணுவம் காட்டிய கோணத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு படமாக வெட்டுகிற வேலையே அவர்களுக்கு மிச்சம், கேமராவையே உள்ளே விடவில்லையே. வந்தவையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் எடுத்த மங்கலான படங்கள். அவற்றைப் பிரசாரம் என்று தள்ளுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. நம் பத்திரிகைகளுக்கும்தான். கட்சிக்கு ஒரு பத்திரிகை உள்ள ஊரில், எந்தப் படம் எந்தக் கூட்டணிக்கு வலிக்கும் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு விஷயம் என் தொழில் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன். 2013 பிப்ரவரியில் ‘தி இந்து’விலும் லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’டிலும் பாலச்சந்திரனின் படங்கள் வந்தன. பிரபாகரனின் மகன், பன்னிரண்டு வயது. ஒன்றில் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். இன்னொன்றில் மணல்மூட்டைகளுக்கு நடுவே சட்டையில்லாமல் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டே ஓரமாகப் பார்க்கிறான். அது ராணுவத்தின் பிடியில் இருந்தபோது எடுத்தது என்று படங்களை வெளிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள், இலங்கை ராணுவம் மறுத்தது. தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறியது எந்தப் படம்? தின்றுகொண்டிருக்கும் படம். அடுத்த மாதம் மாணவர்கள் கல்லூரி கல்லூரியாக உண்ணாவிரதம் இருந்தபோது கையில் பிடித்திருந்ததும் அதைத்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எந்த நியூஸ் எடிட்டரும் கவிழ்த்து வைக்கக் காரணம் சொல்லியிருக்க முடியாது. சேலத்து அம்மாவுக்குச் சொன்ன பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் போர் பற்றிப் பிரிட்டிஷ் இயக்குநர் கேலம் மக்ரே எடுத்த ஆவணப்படத்துக்கு 2014-ல் நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இலங்கையுடனான உறவு கெடும் என்பது காரணங்களில் ஒன்று. கொழும்பில் மட்டும்தான் கத்தரி இருந்தது என்று எழுதும் நண்பர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேப்பரில் வரும் போர்ப் படம் ராணுவம் கொடுத்ததா, தனியாக எடுத்ததா என்று சாதாரண வாசகன் எப்படிக் கண்டுபிடிப்பது?
– டீக்கடை உரிமையாளர், திருச்சி

நல்ல கேள்வி, இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். ராணுவமோ அரசோ கொடுத்ததைச் செய்தி ஏஜென்சிகள் ‘ஹேண்ட்அவுட்’ என்று குறிப்பிட்டே அனுப்பும். ராணுவம் அழைத்துப்போய்க் காட்டியபோது எடுத்தது என்றால் கேப்ஷனின் கடைசி வரியில் அதைச் சொல்வார்கள். 2023 அக்டோபரிலிருந்து இஸ்ரேல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் காசாவுக்குள் தனியாக விடவில்லை. அவர்கள் போனது பெரும்பாலும் ராணுவத்தின் துணையோடுதான். மற்ற படங்கள் அந்த ஊர்க்காரர்களே எடுத்தவை, அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் செத்துப்போனார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரே அளவில் வந்தால் வித்தியாசம் தெரிய அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், தமிழாக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். யாரும் சதி செய்வதில்லை, இடம் பத்தாது, விளம்பரம் வந்திருக்கும். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரும் இல்லை, எப்படிக் கிடைத்தது என்றும் இல்லை என்றால் அந்தப் பத்திரிகைக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள். எங்கள் நியூஸ் எடிட்டர் அந்த மாதிரிக் கார்டுகளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்.